முந்திரிக் கொல்லை வழியாக ஒரு லைன்

"குழந்தையோட இதயத் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும், சம்மதமான்னு கேளுங்க" என்றார் டாக்டர். சுகன்யா கைகளை உயர்த்தினாள். அதற்குள் படம் உறைந்துவிட்டது. போன் திரையில் காது கேளாத கர்ப்பிணியின் விரல்கள் பாதிச் சொல்லில் நின்றன.

சுகன்யாவின் வேலை இதுதான். காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ போனால் அங்கிருந்து அவளை வீடியோ காலில் கூப்பிடுவார்கள். பேச்சைச் சைகையாக்கிக் காட்டுவாள், சைகையைப் பேச்சாக்கிச் சொல்வாள். பிறவியிலேயே காது கேளாத தம்பி தமிழழகனோடு வளர்ந்ததில் கைவந்த மொழி. ஆனால் வீடு ஜெயங்கொண்டத்திலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில். சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

போனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினாள். செருப்பில்லாத காலைச் சரளை சுட்டது. சிக்னல் கிடைத்தபோது அந்த அழைப்பு வேறொரு சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் போயிருந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று சாயங்காலம் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. அப்படியும் சோறு இறங்கவில்லை. கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள். கண்ணை மூடினால் அந்த விரல்கள்.

விடிந்ததும் ஜெயங்கொண்டத்தில் கேபிள் கடை வைத்திருக்கும் முத்தமிழ்செல்வனிடம் போய் நின்றாள்.

"நெட்டு வர்ற ஃபைபர் லைன் ரோடு வரைக்கும் வந்திருக்குக்கா. உங்க வூட்டுக்கு இழுக்கணும்னா பூமாலை அய்யா கொல்லையத் தாண்டணும். அவரு கம்பம் நட வுட மாட்டேங்குறாரு."

பூமாலை அவளுக்குப் பங்காளி வழியில் பெரியப்பா. கொல்லையில் சருகு கூட்டிக்கொண்டிருந்தவர், அவள் போய்க் கேட்டபோது நிமிரக்கூட இல்லை.

"கம்பின்னு பேசாத ஆயி. போன மழையில கரண்டு கம்பி அறுந்து வுழுந்து என் சினைமாடு போனத நீயுந்தான பாத்த?"

"இதுல கரண்டே இல்ல பெரியப்பா. கண்ணாடி நூலு மாதிரி. உள்ள வெளிச்சம்தான் போவுது."

"கரண்டு இல்லாம வெளிச்சம் எங்கேருந்துடி வரும்?"

சுகன்யா வந்த வழியே திரும்பினாள். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். இடையில் அழைப்பு வரும்போதெல்லாம் போனோடு மெயின் ரோட்டுக்கு ஓடினாள். அடுத்த தடவை யாருடைய கை நிற்குமோ. கடைசியில் கேபிளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவள் கைகளும் தாமாகப் பேசின.

பூமாலையின் துடைப்பம் நின்றது. "புள்ளத்தாச்சியா?"

"ஆமா பெரியப்பா. வாய் பேச வராது. அவ சம்மதம் நான் சொல்லித்தான் டாக்டருக்குத் தெரியணும்."

அவர் வேலியையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தலைக்கு மேல ஒண்ணும் போவக் கூடாது. வேலியோரமா மண்ணுக்குள்ள கொண்டுபோ. வேர வெட்டுனீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

பைப்பும் கேபிளும் போட்டுத் தருகிறேன், பள்ளம் உங்கள் பாடு என்றான் முத்தமிழ்செல்வன். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அக்காளும் தம்பியும் இறங்கினார்கள். மண்வெட்டி பிடித்த கையால் பேச முடியாது; ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தமிழழகன் அதைக் கீழே போடுவான். அன்று அவன் சொல்ல நிறைய இருந்தது. சுகன்யா கண்ணாலேயே அதட்டி அதட்டித் தோண்ட வைத்தாள். வேர் வந்த இடத்திலெல்லாம் பூமாலை குந்தி உட்கார்ந்து, கையாலேயே மண்ணைப் பறித்து வழிவிட்டார். முதல் தூறல் விழுந்தபோது மண்ணை மூடி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

லைன் வந்த அன்று அவள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தாள். முதல் அழைப்பு ஏதோ ஒரு ஊர்த் தையல் கடையிலிருந்து. கல்யாணப் பெண் ஒருத்தி, தைத்துக் கெடுத்த ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். படம் கண்ணாடியாய்த் தெரிந்தது. விரல்கள் ஒரு நொடியும் நிற்காமல் பொரிந்து தள்ளின. சுகன்யா அத்தனையையும் ஒன்று விடாமல், அதே சூட்டோடு, தொண்டை கிழியச் சொன்னாள்.

"யார ஆயி இந்தத் திட்டு திட்டுற?" வேலிக்கு அப்பாலிருந்து பூமாலை கத்தினார்.

"டெய்லரை, பெரியப்பா! செத்த சும்மா இருங்க, அவ இன்னும் முடிக்கல!"