இறங்காத தகடு

மைதீன் கனிக்கு அந்த வேலை கிடைத்தது லைசென்ஸ் தயவில். கோட்டாறு சந்தைக்குத் தெற்கே பனையோலை வேய்ந்த படக்கொட்டகைக்கு அனுமதி கொடுத்த அதிகாரி, தீத்தடுப்புக்கென்று தனியாக ஓர் ஆள் இருந்தே தீரவேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். பட்டறையில் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்த மைதீன் கனியை முதலாளி அழைத்துவந்து வைத்துக்கொண்டார்.

வாளி மணலைச் சலிப்பது, கைப்பம்புக்குத் தோல் வாசர் மாற்றுவது, நாலு வாசலும் தள்ளினால் திறக்கின்றனவா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதிகக் கவலை மிஷின் ரூமைப் பற்றித்தான். அந்தச் செங்கல் அறையின் சுவரில் கொட்டகையைப் பார்த்து இரண்டு துவாரங்கள். ஒன்று வெளிச்சம் போக, மற்றது ஆபரேட்டர் எட்டிப் பார்க்க. இரண்டுக்கும் மேலே இரும்புத் தகடுகள் கயிற்றில் தொங்கும். தீப்பிடித்தால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். தகடு இருபுறமும் உள்ள காடிப் பள்ளத்தின் வழியே வழுக்கி இறங்கித் துவாரத்தை அடைத்துவிடும். தீ ஓலைக்குத் தாவாது.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபரேட்டர் செல்வதாஸ் அறுந்த பிலிம் துண்டு ஒன்றைக் கொளுத்தி வாளித் தண்ணீருக்குள் அமுக்கிக் காட்டினார். தண்ணீருக்கடியிலும் அது எரிந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து மைதீன் கனிக்கு நல்ல தூக்கம் இல்லை. தினமும் படத்துக்கு முன்னால் இரண்டு தகடுகளையும் மும்மூன்று தடவை இறக்கிப் பார்ப்பார். முதலாளி சிரிப்பார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் குளச்சலில் தங்கை மகள் கல்யாணம். இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். பஸ் சுணங்கிவிட்டது. படம் தொடங்கியிருந்தது. கொட்டகை நிரம்பி, பெண்கள் பக்கமும் இடமில்லை. இரும்புப் படியேறி மிஷின் ரூமுக்குள் நுழைந்ததும் பெயிண்ட் வாடை மூக்கில் அடித்தது. ஓணத்துக்கென்று முதலாளி எல்லாவற்றுக்கும் பச்சை அடிக்கச் சொல்லியிருந்தார். தகடுகளும் பச்சை. காடியும் பச்சை.

அடித்த பிறகு யாராவது இறக்கிப் பார்த்தார்களா என்று கேட்டார். செல்வதாஸ் இல்லையென்று தலையாட்டினார். மைதீன் கனி தகட்டைத் தொட்டு அசைத்தார். சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இப்ப நிறுத்துனா சனம் கூரையப் பிச்சிரும் வே. இடைவேளையில பாரும்" என்றார் செல்வதாஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளாராவும் பிள்ளையளும் கீழதான் இருக்காவ" என்று தன் மனைவி மக்களைச் சொன்னார்.

இடைவேளைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மைதீன் கனி பேனாக்கத்தியை எடுத்துக் காடியின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். அவசரத்தில் கத்தி இரண்டு தடவை விரலில் இறங்கியது. கீழே ஜனங்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலைகளை எண்ணத் தோன்றியது. எண்ணாமல் இருக்கப் பாடுபட்டார். வெளிச்சத் துவாரத்தின் தகடு பிடி விட்டு ஆடியது. அடுத்ததைச் சுரண்டத் திரும்பினார்.

அப்போதுதான் மிஷினின் சத்தம் மாறியது. பிலிம் சிக்கி நின்றுவிட்டது. திரையில் கதாநாயகியின் கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்து விரிந்தது. கீழே விசிலடித்தார்கள். மிஷினுக்குள் பக்கென்று பற்றிக்கொண்டது.

மைதீன் கனி முதல் கயிற்றை அவிழ்த்தார். தகடு டமாரென்று இறங்கியது. இரண்டாவது கயிற்றை அவிழ்த்தார். தகடு அப்படியே நின்றது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். நகரவில்லை. நெருப்பு மேல்ரீலுக்கு ஏறி மஞ்சள் புகை கக்கியது. அந்தத் துவாரத்துக்கு அப்பால் நாலடியில் ஓலை. நனைத்து வைத்திருந்த சாக்கைத் துவாரத்தில் திணித்து முதுகால் முட்டுக்கொடுத்தார். முதுகை எடுத்தால் சாக்கு விழுந்துவிடும். வாசல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது.

செல்வதாஸ் வாசல் வரை போய்விட்டிருந்தார். அங்கிருந்து திரும்பி வந்தார். சட்டைக் கையில் தீ. பெரிய ஸ்பேனரை எடுத்துத் தகட்டின் தலையில் ஓங்கி அடித்தார். நாலாவது அடியில் அது பிடி விட்டது; மைதீன் கனி விலகியதும் சாக்கின் மேலாக இறங்கியது. இருவரும் வெளியே விழுந்து கதவைச் சாத்தினார்கள்.

இனிமேல்தான் மைதீன் கனி பயந்த வேலை. யாராவது தீ என்று ஒரு வார்த்தை சொன்னால், நாலு வாசலிலும் மிதிபட்டே பிள்ளைகள் செத்துப்போகும். முகத்துக் கரியை வேட்டியால் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

"மிஷின் கெட்டுப்போச்சு. நாளைக்கு வாருங்க. பைய எறங்கிப் போங்க, மக்களே."

கூட்டம் அவரை வைதுகொண்டே எழுந்தது. அவர் வாசல்களைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு தலையும் வெளியேறும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளாரா கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடந்து போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மைதீன் கனி பின்பக்கம் ஓடிக் கைப்பம்பால் ஓலையை நனைத்தார். அறைக்குள் இருந்தது அத்தனையும் எரிந்து அடங்கியது. கூரை தப்பியது. பம்பை விட்டதும் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

நாலு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அடுப்பில் தேங்காய்ச் சிரட்டை வெடித்தால் எழுந்து நின்றார். இந்த வேலை வேண்டாமென்று மனைவி சித்தி ஆயிஷா அழுதாள். சரியென்று அவளிடம் சொல்லியும் விட்டார்.

ஐந்தாம் நாள் காலை செல்வதாஸ் வந்தார். இடது கை முழங்கைவரை கட்டுப்போட்டிருந்தது. புது மிஷின் வந்திருப்பதாகவும், இனி மைதீன் கனியைக் கேட்காமல் ஒரு ஆணியும் அடிப்பதில்லையென்று முதலாளி சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"எனக்குப் பயமாருக்கு வே" என்றார் மைதீன் கனி.

"எனக்கும்தான். நீரு வராம நான் அந்த ரூமுக்குள்ள போவ மாட்டேன்."

சித்தி ஆயிஷா உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினாள். மைதீன் கனி போட்டுக்கொண்டார். தெருவில் இறங்கியதும் அவர் இரண்டடி பின்தங்கினார். செல்வதாஸ் நடையைக் குறைத்துக்கொண்டார்.