கடனாளியும் பக்கத்து வீட்டுச் சாட்சியும்

ஏழாயிரத்து நானூற்று இருபது. என் மச்சான் எனக்குத் தர வேண்டிய காசு அது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. முன்பு என்னோடு டைல்ஸ் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். நான் பதித்துக்கொண்டே போவேன், அவன் பின்னாலேயே இடுக்கு அடைத்துக்கொண்டு வருவான். நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், எனக்கு அழைப்பு வந்திருச்சு" என்றான்.

வேறு மேஸ்திரி யாரோ கூப்பிட்டுவிட்டான் என்று நினைத்து, "என்ன கூலி தர்றானாம்?" என்று கேட்டேன். விரலால் வானத்தைக் காட்டினான்.

அழைத்தவர் மைக்கும் ஸ்பீக்கரும் கொடுத்து அனுப்பவில்லை. அதற்குத்தான் என்னிடம் வாங்கினான். இரண்டு வருஷம் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தான். வேலை செய்கிற இடத்தில் அவனுக்குத் 'தீர்க்கன்' என்று பெயர் வைத்தார்கள். தீர்க்கதரிசியின் சுருக்கம். கடனைத் தவிர எல்லாவற்றையும் தீர்த்துவைப்பான் என்று நான் விளக்கம் சொல்வேன்.

இந்த வருஷம் என் டைல் வெட்டும் மெஷின் புகைந்து செத்துப் போனது. வாடகை மெஷினுக்கே கூலியில் கால்வாசி போய்க்கொண்டிருந்தது. பழைய சாமான் கடைக்காரன் நல்ல மெஷின் ஒன்றை ஆறாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லி, மாசக் கடைசி வரை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்துத் தீர்க்கன் பையோடு வந்து இறங்கினான்.

"ரெண்டே நாள், அக்கா."

ஒன்பது நாள் ஆயிற்று, பை நகரவில்லை. ஊழியக்காரன் என்று கட்டில் அவனுக்குப் போனது. பகலெல்லாம் முட்டி போட்டு வேலை செய்கிறவனுக்குத் தரை. பத்தாம் நாள் வாயைத் திறந்தேன்.

"மாப்ளே, அந்தக் காசு…"

"அத்தான், பரமண்டல ஜெபம் சொல்லுங்க."

சொன்னேன். கடனாளிகளை மன்னிக்கிற இடம் வந்ததும் கையைத் தூக்கினான்.

"அங்கயே நில்லுங்க. யாரை மன்னிக்கிறீங்க?"

"கடனாளியை."

"நான் யாரு?"

"கடனாளி."

"அவ்வளவுதான். ஆண்டவர் முன்னாடி மன்னிச்சுட்டு, அக்கா முன்னாடி திருப்பிக் கேக்கறீங்களே, இது அடுக்குமா?"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். சிரிப்புச் சத்தம் மட்டும் திரும்பி வந்தது.

பைபிளை எடுத்து விரல் வைத்துப் பார்த்தேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டியவன் நான், ஒரு புள்ளியைக்கூடத் தாண்டிப் போக மாட்டேன். க, ட, ன். அப்படியே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் எங்கள் போதகர் வீட்டுக் குளியலறையில் எனக்கு வேலை. பழைய டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

"ஐயா, அந்த ஜெபத்தில வர்ற கடன், காசுக் கடனா, பாவக் கடனா?"

"மத்தேயு கடன்னு எழுதறார். லூக்கா அதே இடத்தில பாவம்னு போடறார்."

"அப்பாடா! அப்ப காசு இல்ல."

"பொறு. லூக்காவும் அதே வரியில கடன்பட்டவனை மன்னிக்கிறோம்னுதான் சொல்றார்."

உளியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தேன். அவர் கதையைக் கேட்டார். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் உள்ளே போய், நகல் எடுத்துத் தைத்த தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"முதல் முதல்ல சபை நடத்தினவங்க எழுதி வச்ச பழைய போதனை. பைபிள்ல சேர்க்கல."

"சேர்க்காததைப் படிச்சு நான் என்ன பண்ண?"

"பிளான்ல ஒரு கோடு புரியலைன்னா நீ என்ன பண்ணுவே?"

"அதே இன்ஜினியர் பக்கத்தில கட்டின வீட்டுக்குப் போய், அங்க எப்படிப் போட்டிருக்குன்னு பார்ப்பேன்."

"இது அந்தப் பக்கத்து வீடு. பிளானுக்குப் பதிலா இதை வச்சுக்காதே. பிளானைப் புரிஞ்சுக்க வச்சுக்கோ. நான் குடுத்தேன்னு மட்டும் உன் மச்சான்கிட்ட சொல்லாதே."

நாலு நாள் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். முதலில் பார்த்தால், அதிலும் அதே ஜெபம், அதே கடன். ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்ல வேண்டுமாம்! நாலைந்து தாள் தள்ளிப் போனதும் எழுந்து நின்றுவிட்டேன். சிமெண்ட் கலக்கிக்கொண்டிருந்தவன் பாம்பு என்று நினைத்து ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். தீர்க்கன் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தான். நடுவில் ஒரு வரி வந்தது: "இந்த வீட்டில் இன்று கோழி சமைக்கப்படும் என்று ஆவியிலே உணர்கிறேன்." அவன் அக்கா கோழி வாங்க ஆள் அனுப்பினாள். அது வெந்து, மணந்து, தட்டு வைக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"மாப்ளே, ஒரு பழைய எழுத்து படிக்கிறேன், கேளு. வர்ற ஊழியக்காரனை ஆண்டவரை மாதிரி ஏத்துக்கணும்."

"ஆமென்!"

"ஒரு நாள் தங்கலாம். அவசியம்னா ரெண்டு. மூணாம் நாளும் இருந்தா அவன் கள்ளத் தீர்க்கதரிசி."

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்றாள் மனைவி, கரண்டியோடு. "நம்ம ஆளுங்க யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க."

"ஆவியில சாப்பாடு போடச் சொன்னவன் அதைச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா அவனும் கள்ளன்."

தட்டை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

"வந்தவன் தங்கணும்னா, கைத்தொழில் தெரிஞ்சவன் வேலை செஞ்சு சாப்பிடணும்."

"இது பைபிளா?" என்றான்.

"இல்ல."

"அப்ப செல்லாது."

"சட்டம்னு யார் சொன்னா? இது சாட்சி. கடனை மன்னிக்கச் சொல்லி மூணு வேளை ஜெபிச்சவங்க, கையில தொழில் இருக்கறவனைக் கட்டில்ல படுக்க விடல. அந்த வரியைச் சொன்னவங்களுக்கு அதோட அர்த்தம் தெரியாதா, உனக்குத் தெரியுமா?"

தீர்க்கன் தட்டைத் தள்ளிவைத்தான். அதைச் சொல்லியாக வேண்டும்: அவன் சோம்பேறி, ஆனால் கள்ளன் இல்லை. நாங்கள் கோழியைக் கடிக்கக் கடிக்க, எதிரே உட்கார்ந்து தாள் கட்டை வாங்கிப் படித்தான். என்னைப் போல இல்லை, மடமடவென்று படிப்பான். நான் இரண்டாவது தொடைக்குக் கை நீட்டும்போது அவன் முகம் மலர்ந்தது.

"அத்தான், முன்னாடி ஒரு இடத்தைத் தாவிட்டீங்களே. இல்லாதவனைத் தள்ளாதே. சகோதரனோட எல்லாத்தையும் பங்கு போட்டுக்கோ. எதையும் என்னுதுன்னு சொல்லாதே." தாளை மடியில் வைத்தான். "இப்பச் சொல்லுங்க, அந்த ஏழாயிரத்து நானூத்தி இருபது யாருது?"

'என்னுது' என்று வாய் வரைக்கும் வந்ததைக் கோழியோடு சேர்த்து விழுங்கினேன்.

"அது… அது வேற இடம்."

"பக்கத்து வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச ரூமை மட்டும்தான் பார்ப்பீங்களா?" என்றாள் மனைவி. "சாட்சியைக் கூட்டிட்டு வந்தது நீங்க. முழுசாப் பேசவிடணும்." அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ ரொம்பச் சிரிக்காதே. காலையில அத்தானோட வேலைக்குப் போறே. உன் கூலி கடன்ல கழியும். எல்லாம் கழியணுமா, மிச்சம் விடறதான்னு அப்புறம் அவர் மனசாட்சியைக் கேட்டுக்கலாம்."

மறுநாள் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். எனக்கு வேலை கொடுக்கிற கான்ட்ராக்டரிடம் கையாளுக்கு நாள் கூலி எண்ணூற்று அறுபது. முதல் நாள் முட்டி வலிக்கிறது என்று அப்போஸ்தலரை எல்லாம் கூப்பிட்டான். இரண்டாம் நாள் பாடினான். மூன்றாம் நாள் அவன் அடைத்த இடுக்கைப் பார்த்துவிட்டு, இவனை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கான்ட்ராக்டர் என்னைக் கேட்டார். ஏழு நாளில் ஆறாயிரத்து இருபது சேர்ந்தது. அன்று மாலையே மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடைக்காரனுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய இருபதுக்கு டீ குடித்தோம்.

வாசலில் தீர்க்கன் கணக்குப் போட்டான்.

"இன்னும் ஆயிரத்து நானூறு. ரெண்டு நாள் வேலை செஞ்சா முடிஞ்சிரும், அத்தான். நாளை மறுநாள் வரைக்கும் இருந்து அடைச்சிடறேன்."

இரண்டு நாள் என்று அவன் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு இடுப்பு விண் என்று இழுத்தது.

"வேண்டாம், மாப்ளே. ஆயிரத்து நானூறையும் மன்னிச்சுட்டேன்."

"மனசாரவா?"

"மனசார."

"சகோதர அன்பினாலயா, இல்ல கட்டிலுக்காகவா?"

"அதுக்கெல்லாம் வியாக்கியானம் கேக்காதே. கடன் தீர்ந்துச்சு, போயிட்டு வா."

அவன் அக்காவிடம் சொல்லிக்கொண்டு, பையை எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள், நான் கையைக்கூடக் கழுவாமல் கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டேன்.