அரண்மனைக்குக் கொண்டுபோன பிஸ்கற் ரின்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஆபிரிக்காவுக்குப் போனதே இல்லை. ஹம்பேர்க்கில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் குமுதினிதான் போய்வந்தாள். பஸ் தரிப்பிடத்தில் வைத்துக் கதையைத் தொடங்கினாள். பாதியில் பஸ் வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு.

2

'செம்மண் சுவர்களில் வரலாறு உறைந்து…'

(வேண்டாம். வரலாறு உறைந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்தது வாசற் காவலாளியை.)

கமெரூனில் ஒரு பழைய அரண்மனை, இப்போது மியூசியம். ராசாவின் வாரிசுகள் பின்கட்டில் இன்னும் குடியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், குமுதினிக்கு அது ஆட்கள் இருக்கும் வீடாகிவிட்டது. ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? பயத்தம் பணியாரம் சுட்டு, நீல நிறத் தகரப் பெட்டியில், அதுதான் பழைய பிஸ்கற் ரின்னில், அடைத்து, ஹம்பேர்க்கிலிருந்தே மடியில் வைத்துக் கொண்டுபோனாள்.

3

"இது மியூசியமப்பா. பணியாரத்தோட வாற ஆளை இண்டைக்குத்தான் முதல் முதல் காணப்போயினம்," என்றார் கணவர் புவனேந்திரன்.

"ராசா வீடெண்டாலும் வீடுதானே? நீங்கள் பேசாமல் வாங்கோ."

(புவனேந்திரனைக் கதையிலிருந்து வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். அவர் போனால் அவளைச் சீண்ட ஆளில்லை. இருக்கட்டும்.)

காவலாளி ரின்னைத் திறந்து பார்த்தார். சாப்பாடு உள்ளே போகக்கூடாது, வெளியே வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சைகை காட்டினார். பின்னால் வரிசை நீண்டது. ஒரு வீட்டுக்கென்று கொண்டுவந்த பலகாரத்தைத் திரும்ப எடுத்துப்போவதா? குமுதினிக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"மற்றாக்கள் பாக்கினம்," என்றார் புவனேந்திரன்.

"பாக்கட்டும். வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கோ!"

இந்த இடத்தில்தான் பஸ் வந்தது.

4

ஒரு முடிவு: யாரும் வரவில்லை. ரின் அப்படியே ஹம்பேர்க்குக்கு… (சீ! குமுதினிக்கு இதை நான் செய்யமாட்டேன்.)

இன்னொன்று: பின்கட்டிலிருந்து அரச குடும்பத்து அம்மா ஒருவர் வந்து, ஒரு பணியாரத்தைக் கடித்து, சிரித்து… (எனக்கு ஆசைதான். ஆனால் பணியாரத்தைவிட இது அதிகம் இனிக்கிறது.)

5

மணி அடிக்கிறது. குமுதினிதான். "எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கோ அக்கா, பின்னேரம் வாறன்," என்று சொல்லியிருந்தாள். கதவுக் கண்ணாடியால் பார்க்கிறேன்: கையில் ஒரு நீல ரின்!

எங்கள் ஆட்கள் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அரண்மனைக்காரருக்கும் அந்த வழக்கம் இருக்குமோ?

நான் போய் மேசை முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். கதவைத் திறந்து, ரின்னை வாசிக்கிற நீங்களே வாங்கிப் பாருங்கள். ஊசியும் நூலும் இருந்தால் இது தையல் சாமான் போட்டுவைக்கும் வேறு ரின். பயத்தம் பணியாரம் இருந்தால் முதல் முடிவுதான் நடந்திருக்கிறது; அவளை ஒன்றும் கேட்காதீர்கள், தேத்தண்ணி போடுங்கள். நமக்குப் பெயரே தெரியாத ஏதாவது இருந்தால், எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கள்.