கேட்டு வாங்கிய நீராவி

அன்று பிற்பகல் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் இவர்கள்: நிலைய மேலாளர், சோதனை நடத்த வெளியிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மையார், டர்பைன் மேசையில் ஆபரேட்டர் (வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்), ஷிப்ட் பொறுப்பாளரான என் மகன், கார்பன் பிடிக்கும் பிரிவின் தலைவியான என் மகள், சுவரோரமாகப் போட்ட நாற்காலியில் நான். வேறு யாரும் இல்லை. தாங்களும் பக்கத்தில் நின்று பார்த்ததாகப் பின்னால் சொல்லித் திரிகிறவர்கள் வேறு எங்கேயாவது நின்றிருக்கலாம். அந்த அறையில் நிற்கவில்லை.

நான் எதற்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அனல்மின் நிலையத்தில் டர்பைன் பிரிவைப் பல வருடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சோதனையின் கடைசி நாளன்று வந்து உட்காரும்படி மேலாளரே வீடு தேடி வந்து அழைத்தார். போகாவிட்டால், பெற்ற பிள்ளைகள் மோதிக்கொள்வதைப் பார்க்கப் பயந்துவிட்டேன் என்பார்கள். போனால், தலையிட வந்தேன் என்பார்கள். பயந்தவர் என்ற பெயர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அண்ணனும் தங்கையும் மோதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நீராவிதான். நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது என் மகனின் வேலை. எரிப்பதில் வரும் புகையை ஒரு கோபுரத்துக்குள் விட்டு, மேலிருந்து ஒரு திரவத்தை மழையாகப் பொழிந்து, புகையில் உள்ள கரியமில வாயுவை அந்தத் திரவம் பற்றிக்கொள்ளும்படி செய்வது என் மகளின் வேலை. வாயு ஏறிய திரவத்தை இன்னொரு கோபுரத்தில் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். அதை அழுத்திக் குழாய் வழியே கொண்டுபோய், பூமிக்குள் வெகு ஆழத்தில் உப்புநீர் ஊறிய பாறைக்குள் செலுத்திவிடுவார்கள். தெளிந்த திரவம் மறுபடி மழையாகப் பொழியப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சூடாக்குவதற்கான நீராவி டர்பைன் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அவள் பக்கம் எவ்வளவு போகிறதோ, இவன் பக்கம் அவ்வளவு மின்சாரம் குறையும்.

ஆகவே நிலையத்தில் என் மகளுக்கு நீராவித் திருடி என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவன் ரேடியோ. முகத்துக்கு நேராகவே சொல்லுவான்.

"வாங்க திருடி மேடம். இன்னைக்கு எவ்வளவு அடிச்சிட்டுப் போகப் போறீங்க?"

"உங்களுக்குப் பூட்டத் தெரியல. நான் என்ன பண்றது?" என்பாள் அவள், சிரித்துக்கொண்டே.

நான் சிரித்ததில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையோடு திருட்டு என்ற சொல் விளையாட்டுக்குக்கூட ஒட்டியதில்லை.

அவளுடைய மேசையை அந்த அறையிலேயே, டீ பிளாஸ்க் வைக்கும் மூலையில் போட்டிருந்தார்கள். இரண்டு மேசைக்கும் இடையே நாலு எட்டு தூரம் இருக்கும். அந்த நாலு எட்டுக்குள் அண்ணன் அவளை மேடம் என்பான், அவள் அவனை சார் என்பாள். வேலை இடத்தில் உறவு பேசக் கூடாது என்று நான் வகுத்த விதி அது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேலை பேசக் கூடாது என்பதும் என் விதிதான். சோதனைக்கு முன்தினம் இருவரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் தட்டோட பேசிட்டு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி. "நாளைக்கு யாரு ஜெயிச்சாலும் சரி, யாரு தோத்தாலும் சரி, பாத்திரம் தேய்க்க எனக்கு ஒரு ஆள் வேணும். இப்பவே சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. என் மகளின் நிலைமை அப்படி. அவள் பொறுப்பேற்கும் முன்பே ஒரு சோதனை தோற்றிருந்தது. இதுவும் தோற்றால் பிரிவை மூடி, கோபுரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். நிபந்தனை எளிமையானது. சோதனை முடியும்வரை, வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிடிபடுவதாகப் புகைபோக்கியில் இருக்கும் கருவி காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை அதற்குக் கீழே இறங்கினாலும் தோல்வி. மற்ற நாட்களைத் தாண்டியாகிவிட்டது. கடைசி நாள் பொழுது சாய்வதுவரை தாண்டினால் போதும்.

வெயில் உச்சி தாண்டியபோது டர்பைன் மேசையில் ஃபோன் அடித்தது. ரேடியோ எடுத்தான். எடுத்தவன் முகம் மாறியது.

"சார், பக்கத்து நிலையம் விழுந்துடுச்சாம், உற்பத்தியே நின்னுபோச்சு. டெஸ்பாட்ச்ல முழு லோடும் கேக்கறாங்க."

எந்த நிலையம் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் மையம்தான் டெஸ்பாட்ச். அவர்கள் முழு லோடு, அதாவது நிலையத்தால் முடிந்த மின்சாரம் முழுவதும், கேட்டால் கார்பன் பிரிவுக்குப் போகும் நீராவி முழுவதையும் ஷிப்ட் பொறுப்பாளர் எடுத்துக்கொள்ளலாம். லோடு இறக்கலாம் என்று அவர்கள் சொன்னதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது நிலைய விதி. அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த விதி.

மேலாளர் என் நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"ஐயா, கொஞ்சம் நீராவியை விட்டு வைக்கச் சொல்லுங்களேன். நான் சொன்னா ரூல் பேசுவாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"இந்த ரூம்ல அவன் எனக்குப் பையன் இல்ல. ஷிப்ட்."

"இல்லய்யா, பொண்ணோட வேலை..."

"அவ பிரிவுத் தலைவி. நான் விருந்தாளி. விருந்தாளி வாயைத் திறந்தா டீ கேக்கத்தான் திறக்கணும்."

அவர் எனக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

என் மகன் எழுந்து அந்த நாலு எட்டையும் நடந்து போனான். "மேடம், எனக்கு நீராவி முழுசும் வேணும்."

"எடுத்துக்கங்க சார்," என்றாள் என் மகள்.

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு போனவன் ஒரு நொடி திகைத்து நின்றான். அவள் அதற்குள் திரையின் பக்கம் திரும்பி இரண்டு வால்வுகளைத் திறந்துவிட்டாள்.

அவள் செய்தது இதுதான். கோபுரங்களுக்குப் பின்னால் இரண்டு பெரிய டேங்க் கட்டச் சொல்லி முதலாளிகளிடம் ஒற்றைக் காலில் நின்றவள் அவள். மின்தேவை குறைவான நேரங்களில் தெளிந்த திரவத்தை ஒரு டேங்க்கில் சேர்த்து வைப்பாள். நீராவி இல்லாதபோது அந்தச் சேமிப்பிலிருந்து மழை பொழியும். வாயு ஏறிய திரவம் சூடாக்கப்படாமல் இன்னொரு டேங்க்கில் போய்க் காத்திருக்கும். புகையைப் பிடிக்கும் வேலை நிற்காது. ஆனால் அவள் கேட்ட அளவில் பாதிக்குத்தான் டேங்க் கட்டிக் கொடுத்தார்கள்.

அதிகாரி அம்மையார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அருகில் வந்தார். "பாறைக்குப் போற குழாய்ல இப்ப ஒண்ணுமே போகலையே?"

"போகாது மேடம். பிடிச்சது எல்லாம் ரெண்டாவது டேங்க்ல இருக்கு. நீராவி வந்ததும் பிரிச்சு அனுப்பிடுவேன். அதுவரைக்கும் எங்கயும் ஓடிப்போகாது."

அந்த அம்மையார் வாய்ச்சொல்லை நம்புகிறவர் அல்ல. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய் டேங்க்கைச் சுற்றிப் பார்த்து, மூடியிருக்கிறதா என்று சோதித்துவிட்டு வியர்த்து வழியத் திரும்பினார். "எனக்கு ஆட்சேபம் இல்ல. நான் பாக்க வேண்டியது புகைபோக்கியை."

"அட, இத்தனை நாளா அதை நீச்சல் குளம்னுல்ல சொல்லிட்டு இருந்தேன்!" என்றான் ரேடியோ.

"இப்பவும் சொல்லுங்க," என்றாள் அவள். "ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல நீந்த முடியாது."

டர்பைன் முழு மூச்சில் ஓடியது. தரையில் அதன் அதிர்வு என் செருப்பு வழியே தெரிந்தது. என் மகன் மீட்டர்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மறுபக்கம் தெளிந்த திரவம் இருந்த டேங்க்கின் அளவைக் காட்டும் நீலப் பட்டை திரையில் இறங்கிக்கொண்டே வந்தது. முக்கால், பாதி, கால். புகைபோக்கிக் கருவி மட்டும் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றது. அண்ணன் ஒரு தடவையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கையும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கவில்லை.

பட்டை சிவப்புக்கு மாறிய சமயம் ஃபோன் மறுபடி அடித்தது.

"சார், பக்கத்து நிலையம் ஏறிடுச்சு! லோடு இறக்கிக்கலாம்னு சொல்றாங்க!" ரேடியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"மறுபடி சொல்லச் சொல்லு," என்றான் என் மகன்.

"அதான் தெளிவாச் சொல்லிட்டாங்களே சார்."

"இன்னொரு தடவை உறுதி பண்ணச் சொல்லு. அப்புறம் இறக்கலாம்."

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எனக்குப் புரிந்தது. உடனே திருப்பிக் கொடுத்தால், தங்கைக்காகக் கொடுத்தான் என்று நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க அவனுக்கு மனமில்லை. என் மகன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சிவப்புப் பட்டையைப் பார்த்தபோது அதே நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டையும் ஒருசேரச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் மகள் எழுந்து நின்றாள்.

"ஷிப்ட் சார், ஒரு கேள்வி. என் நாற்காலியில வேற யாராவது உக்காந்திருந்தா, டெஸ்பாட்ச் ஒரு தடவை சொன்னது உங்களுக்குப் போதுமா, போதாதா?"

அவன் கண் மீட்டரிலிருந்து அவள் பக்கம் திரும்பியது.

"போதும்னா இப்பவே குடுங்க. தங்கச்சிங்கறதால சீக்கிரம் குடுக்கறதும் தப்பு, தங்கச்சிங்கறதால லேட்டாக் குடுக்கறதும் தப்பு. எனக்கு ரெண்டுமே வேண்டாம். ரூல்ல எனக்கு என்ன உண்டோ அது வேணும்."

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கேட்டு வாங்குவதில்லை. வாய் திறப்பதைவிடத் தோற்பது மேல் என்று இருக்கிறவர்கள் நாங்கள். அவள் கேட்டாள். அறையில் இருந்த ஒவ்வொருவர் காதிலும் விழும்படி கேட்டாள். அதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. வரவேண்டியதைக் கேட்கிறவளின் குரல். அவ்வளவு நிமிர்ந்த முதுகை நான் எங்கள் வீட்டு ஆண்களிடமும் பார்த்ததில்லை.

என் மகனின் காது சிவந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அங்கே புகைபோக்கி தெரிந்தது. மேசை அவனுடையது, முடிவும் அவனுடையது.

"போதும்," என்றான் அவன். பிறகு ரேடியோவிடம், "லோடு இறக்கு. நீராவி வால்வைத் திற."

"திறந்தாச்சு சார்!"

"மேடம், கோபுரம் சூடேற எவ்வளவு நேரம்?"

"டேங்க் காலியாகறதுக்குள்ள ஏறாது சார்."

"அப்புறம்?"

"லோடு இறங்கினா புகை குறையும். புகை குறைஞ்சா திரவம் கம்மியாப் போதும், டேங்க் இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு வேகமா இறக்க முடியும்?"

"டர்பைன் தாங்கற வேகத்துல."

"தாங்குமா?"

"அது என் கவலை. நீங்க பம்ப்பைப் பாருங்க."

அதன்பின் அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் எண்கள்தான். அவன் ஒரு எண் சொல்ல, அவள் பம்ப்பை ஒரு பிடி குறைப்பாள். அவள் ஒரு எண் சொல்ல, அவன் ரேடியோவின் தோளைத் தட்டுவான். ஒரே தாயிடம் பேசக் கற்றவர்கள் என்பது அப்போது தெரிந்தது. புகைபோக்கிக் கருவி தொண்ணூற்று இரண்டுக்கு வந்தது. பிறகு தொண்ணூற்று ஒன்று. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம், தொண்ணூறுக்கு மயிரிழை மேலே. ரேடியோ வாயை மூடிக்கொண்டிருந்தான். அவனை அறிந்த இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்தது அன்றுதான். அதிகாரி அம்மையார் திரைக்கு மிக அருகில் போய், மூச்சு கண்ணாடியில் படும்படி நின்றார்.

எண் நின்றது. அப்படியே நின்றது. பிறகு தொண்ணூற்று ஒன்று என்று காட்டியது.

"ஏறுது," என்றாள் என் மகள். "கோபுரம் சூடாயிடுச்சு. நீராவி போதும் சார், இதுக்கு மேல வேண்டாம்."

"வேண்டாம்னு திருடி சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்!" என்றான் ரேடியோ. மேலாளர் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், சந்தோஷத்தில்தான்.

வெளிச்சம் மங்கும்போது அதிகாரி அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவையும் கோட்டுக்குக் கீழே போகல. சோதனை தேறிடுச்சு. இப்ப எனக்கு ஒரு டீ குடுங்க." அதுவரை அந்த நிலையத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் வாங்கிக் குடித்ததில்லை.

ஷிப்ட் மாறியது. என் மகன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அடுத்த ஷிப்ட்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். படிக்கட்டில் தங்கை அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"ஏன் அண்ணா, என்னைக் கொல்லவே பாத்தியா?"

"கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன்ல?"

"கேட்டேன்ல?"

"அதான் குடுத்தேன்ல?" என்றான் அவன். இரண்டு படி இறங்கித் திரும்பினான். "டேங்க்கை இன்னும் பெருசாக் கட்டச் சொல்லு. என்னால தினமும் இப்படி வேர்க்க முடியாது."

நான் அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன். வேலை இடத்தில் உறவு பேசக் கூடாது என்று அன்று ஞாபகப்படுத்தவில்லை. வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் மூன்று முகத்தையும் பார்த்தாள். பாத்திரம் தேய்த்தது மகன்.

பிரிவு இன்றும் ஓடுகிறது. டேங்க்கில் காத்திருந்த வாயு மறுநாள் விடிவதற்குள் பிரிந்து பாறைக்குள் போய்விட்டது. இன்னும் இரண்டு டேங்க்குக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள்.

இதற்கிடையில் நிலையத்தில் ஒரு பேச்சு உலவுவதாகக் கேள்விப்படுகிறேன். மகள் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பெரியவர் மகனுக்குத் தலையாட்டினார், அதற்குப் பிறகுதான் நீராவி திறந்தது என்கிறார்கள். அது பொய். நான் தலையாட்டவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீராவியைப் பிரிவுத் தலைவி கேட்டார். ஷிப்ட் பொறுப்பாளர் கொடுத்தார்.