மூன்று முகத்துக்காரியிடம் பூக்கேட்டது

சிவகொழுந்துவின் லீவு ஒரு கிரேக்கச் சாமியின் காலடியில் கிடந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கிடந்தது. கிச்சனை ஒட்டிய சின்ன அறையில் கறுப்புத் துணி விரித்த மேசை. மேசைமேல் ஒரு சாண் உயரச் சிலை, மூன்று பெண்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதுபோல. சிலைக்கு அடியில் அவளுடைய பாஸ்போர்ட். மூன்று மாதமாக அதைத் தினமும் பார்க்கிறாள். ஆனால் தூசி தட்டுவதற்குக்கூட அந்த மேசையைத் தொடக் கூடாது என்பது ஜூடித் மேடத்தின் உத்தரவு.

ஆவணி இருபத்து மூன்றாம் தேதி மஸ்கெலியாவில் அவள் மகள் கஜாலினிக்குக் கல்யாணம். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்து, நாலு வருசமாய் முகம் பார்க்காத மகள். லீவு தருகிறேன் என்று மேடத்தின் புருசன், சார், ஒப்புக்கொண்டு, கொழும்புக்கு டிக்கெட்டும் வாங்கி வந்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டகக் காந்தம் வைத்து மாட்டிவிட்டார். செப்டம்பர் நாலாம் தேதி விடியற்காலை ஃபிளைட். சாருக்கு புஜைரா துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் எண்ணெய்க் கப்பல்களில் வேலை. மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விசயம். "பாஸ்போர்ட்டை மேடத்திடம் கேள்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். மேடமோ அதைக் கொண்டுபோய் சாமியிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எரிச்சலே. கெட்டவள் என்றால் திட்டிவிட்டு ஆறலாம். தன் செருப்பைக் கொடுப்பாள், தலைவலி என்றால் மாத்திரை கொடுப்பாள், கோபமாய் ஒரு வார்த்தை பேச மாட்டாள். மகன்கள் இரண்டு பேரும் லண்டன் பக்கம் ஹாஸ்டலில். வெயிலுக்கு வெளியே கால் வைக்க முடியாத ஊரில், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, இன்டர்நெட்டில் ஏதோ ஒரு குழுவில் சேர்ந்து, சூனியக்காரி ஆகிவிட்டாள். அவளே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள், நர்ஸ் வேலை பார்க்கிறேன் என்பதுபோல.

சிவகொழுந்து முதலில் பயந்துதான் போனாள். பிறகு பார்த்தால் பயப்பட அதில் ஒன்றுமில்லை. மெழுகுவர்த்தி, பூண்டு, தேன், பழைய இரும்புச் சாவி ஒன்று, ஒரு நாய் பொம்மை. அமாவாசைக்கு அமாவாசை சாப்பாடு படைத்து, அந்தத் தட்டை முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். இதைத்தானே ஊரில் தேயிலைத் தோட்டத்தில் பூசணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு நாங்களும் செய்கிறோம், இதற்கு இவ்வளவு இங்கிலீஷா என்று நினைத்துக்கொண்டாள். சாமியின் பெயர் ஹெகேட்டி என்றாள் மேடம். சிவகொழுந்துவின் வாயில் அது இரண்டே நாளில் எக்காத்தா ஆகிவிட்டது.

"நான் உன்னைத் தடுக்கவில்லை, சிவா" என்று மேடம் ஆனி மாதத்தில் சொன்னாள். இருவருக்கும் பேச்சு இங்கிலீஷில்தான். அவளுக்கு முழுப் பெயர் வாயில் நுழையாததால் சிவா. "பாதைகளும் சாவிகளும் அவள் பொறுப்பு. சீட்டுப் போட்டுப் பார்த்தேன், காத்திரு என்று வந்தது. வழி திறந்தால் அவளே அடையாளம் காட்டுவாள்."

"என்னா அடையாளம் மேடம்?"

"நாய். அவள் வருவதற்கு முன்னால் அவளுடைய நாய் வரும்."

சிவகொழுந்துவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. புஜைராவில் எந்தக் குப்பைத்தொட்டியைத் திறந்தாலும் நாலு பூனை குதிக்கும். நாயைப் பார்த்து அவளுக்கு நாலு வருசம் ஆகியிருந்தது.

அந்த ஆனி அமாவாசைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனதும் அவள்தான். மேடம் போக மாட்டாள், பக்கத்து வில்லாக்காரர்கள் பார்ப்பார்களாம். ஊரெல்லாம் ரவுண்டபவுட்டாய்ப் போட்டு வைத்திருக்கிறார்கள், முச்சந்திக்கு எங்கே போவது. கடைசியில் வில்லாக்களுக்குப் பின்னால் மூன்று சந்து சேரும் இடம் ஒன்று அகப்பட்டது. அவித்த முட்டை, பூண்டு, தேன் ஊற்றிய கேக். முட்டையைக் கீழே வைக்கும்போது வயிறு எரிந்தது. வைத்துவிட்டுத் திரும்பி நடந்தால், பின்னால் பூனைகள் சண்டை போடும் சத்தம்.

சந்து முனையில் அஸ்கர் அலியின் குரோசரி, சின்ன மளிகைக்கடை. கீழக்கரைக்காரர், அவள் ஊர் வழக்கப்படி அவளுக்கு நானா, அண்ணன் முறை. ஷட்டருக்கு வெளியே தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, பூனைங்களுக்கு விருந்தா?"

"சாமிக்கு நானா."

"எந்தச் சாமியா வேணா இருக்கட்டும். சூனியம்னு எவனாச்சும் போன் போட்டா, போலீஸ் அந்த வெள்ளக்காரம்மாவப் புடிக்காது. தட்டு எடுத்துட்டு வர்ற ஒங்களத்தான் புடிக்கும்."

"அது தெரியாமயா என்னைய அனுப்புறாங்க" என்றாள் சிவகொழுந்து. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது.

இப்படியே காத்திருந்தால் கஜாலினிக்குப் பேரன் பிறந்தாலும் அடையாளம் வராது என்று மறுவாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அஸ்கர் அலியிடம் விசாரித்தாள். லாரிப் பட்டறைப் பக்கம் ஒரு கறுப்பு நாய் திரிகிறது என்றார். அவ்வளவு போதும். மீன் கழுவும் நாளெல்லாம் தலைகளைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, குரோசரிக்குப் போகிற சாக்கில் பட்டறை வரைக்கும் நடந்தாள். நாற்பத்தைந்து டிகிரி வெயில். முதல் வாரம் நாய் பல்லைக் காட்டியது. இரண்டாம் வாரம் வாலை ஆட்டியது. மூன்றாம் வாரம் சந்து வரைக்கும் கூடவே வந்தது.

ஆடி அமாவாசை. மஃரிப் பாங்கு முடிந்து இருட்டுகிற நேரம். தட்டை வைத்துவிட்டு அவள் திரும்பி வர, நாய் பின்னாலேயே வந்து பின்கேட்டில் நின்று குரைத்தது. இன்றைக்கு மீன்தலை எங்கே என்று கேட்டிருக்கும், பாவம். மேடம் வெறுங்காலோடு ஓடி வந்தாள். சிமென்டுத் தரையில் மண்டி போட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இரண்டு வருடம், சிவா. இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறேன். குழுவில் எல்லோருக்கும் கனவில் வந்தாள், கண்ணெதிரே வந்தாள். எனக்கு மட்டும் வரவேயில்லை."

சிவகொழுந்துவுக்கே கண் கலங்கிவிட்டது. இப்படியா ஒரு மனுசி ஏங்கிக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. அந்த இரக்கம் ஐந்து நிமிசம்கூட நிலைக்கவில்லை.

"அதான் அடையாளம் வந்துருச்சே மேடம். பாஸ்போர்ட்?"

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இரண்டு கையையும் பிடித்தாள். "உனக்குப் புரியவில்லையா? அவள் என்னிடம் வரவில்லை. உன் பின்னால் வந்தாள். நீ போய்விட்டால் அவளும் போய்விடுவாள். இப்போது எப்படி உன்னை அனுப்புவேன்?"

"எம் புள்ளைக்குக் கல்யாணம் மேடம்."

"ஜனவரியில் போ. சார் கரைக்கு வந்ததும் டிக்கெட்டை மாற்றச் சொல்கிறேன்."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்று சிவகொழுந்துவுக்கு விளங்கியது. மூன்று வாரம் வெயிலில் நடந்து, மீன் நாற்றம் சுமந்து, பார்த்துப் பார்த்துப் போட்ட மண். மறுநாள் காலையில் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறை, நாய், மீன்தலை, பை, ஒன்று விடாமல். மேடம் டீயை வைத்துவிட்டுப் புன்னகையோடு கேட்டாள். "உன்னை அங்கே நடக்கவைத்தது யார் என்று நினைக்கிறாய்? அவள் இப்படித்தான் வேலை செய்வாள்" என்றாள். இதற்கு மேல் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது.

ஆகஸ்ட் கடைசியில் கஜாலினியின் போன். "அம்மா, பத்திரிகை அடிச்சாச்சு. மாப்பிள்ள வீட்டுல கேக்குறாங்க, ஒங்கம்மா வாறாங்களா இல்லியான்னு. நா என்னான்னு சொல்ல?"

"வாறேன்னு சொல்லு."

"நெசமாவா? போன தடவ அப்பாச்சி செத்தப்பவும் இப்பிடித்தான் சொன்னீங்க."

போன் கார்டில் நிமிசம் முடிந்து லைன் தானாக அறுந்தது, அது ஒரு உபகாரம்.

அன்று மத்தியானம் மேடம் கம்ப்யூட்டரில் இருந்த நேரம், அவள் அந்தச் சின்ன அறைக்குள் போனாள். மூன்று மாதமாய் மேடம் வழியாகவே கேட்டது போதும், நானே கேட்டுவிடுகிறேன் என்று முடிவு. அவளுக்குத் தெரிந்த ஒரே முறை பூக்கேட்பது. சாமி தலையில் பூ வைத்து மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டும். பூ வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். மஸ்கெலியா மாரியம்மன் இதுவரை அவளை ஏமாற்றியதில்லை. காம்பவுண்டு ஓரத்துச் சிவப்பு அரளியில் ஒன்றைப் பறித்து வந்து சிலையின் உச்சியில் வைத்தாள்.

"எக்காத்தா, எனக்கு ஒம் பாஷ தெரியாது. எம் புள்ள கழுத்துல தாலி ஏறுறத நா பாக்கணும். போகவா?"

பூ விழுந்தது. யாருக்கு வலப்பக்கம்? சிவகொழுந்து குனிந்து பார்த்தாள், சுற்றி வந்து பார்த்தாள். கிச்சனைப் பார்த்து நின்றவளுக்கு அது வலது. ஜன்னலைப் பார்த்து நின்றவளுக்கு இடது. மூன்று முகத்தை வைத்துக்கொண்டு இந்தச் சாமியை எந்தப் புத்திசாலி செய்தான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, மூன்று பேரிடமும் தனித்தனியாகவே கேட்போம் என்று மூன்று பூ கொண்டுவந்து ஆளுக்கொன்று வைத்தாள். கிச்சன் பக்கத்துக்காரி வலப்பக்கம் தள்ளினாள். ஜன்னல் பக்கத்துக்காரி இடப்பக்கம் தள்ளினாள். சுவரைப் பார்த்து நின்ற மூன்றாவது ஆள் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். ஏசி காற்றுக்குக்கூட அசையவில்லை. பத்து நிமிசம், கால் மணி.

"ஏய், ஒங்கிட்டத்தான் கேக்குறேன்" என்றாள் சிவகொழுந்து. "மூணு மாசமா ஒனக்கு முட்ட அவிக்கிறேன். ஒன் தட்டத் தூக்கிக்கிட்டு போலீசுக்குப் பயந்து பயந்து ஓடுறேன். ஒனக்குப் புள்ள குட்டி இல்லியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லேன்."

மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே கிடந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டு கிச்சனுக்கு ஓடினாள். சுவர்ப் பக்கத்துப் பூ மட்டும், மேடத்தின் கண்ணுக்கு மறைவாய், அப்படியே நின்றுவிட்டது.

ஆவணி அமாவாசை செப்டம்பர் மூன்றாம் தேதி வந்தது. விடிந்தால் ஃபிளைட். சார் இன்னும் கப்பலில். மாவு வாங்கப் போனவளிடம் அஸ்கர் அலி தாழ்ந்த குரலில் சொன்னார், "டிராவல்ஸ்ல கேட்டேன்க்கா. டிக்கெட்ட யாரும் மாத்தல, அப்படியே இருக்கு. இன்னைக்கு மஃரிப் தொழுதுட்டு நான் துபாய் மார்க்கெட்டுக்குக் காய் எடுக்கப் போறேன். வழியிலதான் ஏர்போர்ட். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"பாஸ்போர்ட் சாமி காலடியில இருக்கு நானா. அத எடுத்தா குத்தமில்லியா?"

"அது ஒங்களுக்கும் ஒங்க சாமிக்கும் உள்ளது" என்று அவர் மாவைப் பையில் போட்டார்.

சாயங்காலம் மேடம் தலைக்குக் குளித்துக் கறுப்பு கவுன் போட்டுக்கொண்டாள். தட்டைத் தானே அலங்கரித்து மேசையில் வைத்து, ஏதோ முணுமுணுத்தாள். பிறகு ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். தட்டு போய்ச் சேரும்வரை வீட்டில் இருப்பவரும் பார்க்கக் கூடாது, அது முறை. "போ சிவா. அவளிடம் என்னைப் பற்றியும் சொல்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு நொடி சிவகொழுந்துவின் மனசு தடுமாறியது உண்மை.

டிக்கெட் ஏற்கெனவே ஃபிரிட்ஜிலிருந்து அவள் ரவிக்கைக்குள் வந்திருந்தது. மேசை முன்னால் நின்றாள். மூன்றாவது முகத்தின் தலையில் அந்த அரளி இன்னும் இருந்தது. காய்ந்து சுருங்கி, விழாமல்.

"இன்னும் நீ சொல்லல" என்றாள் மெதுவாக. "சரி, சொல்ல வேணாம். எங்க ஊருல படைச்சத சாமி வச்சுக்காது. கும்புட்ட கைக்குத்தான் அது திரும்பி வரும். இத நா பிரசாதமா எடுத்துக்குறேன். குத்தம்னா என்னையக் கேளு, எம் புள்ளையக் கேக்காத."

சிலையை இரண்டு கையாலும் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனம். பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிலையை இருந்த இடத்திலேயே வைத்தாள். பூ விழுந்ததா, எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்க்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கேட்டைத் திறந்தாள்.

கறுப்பு நாய் அங்கே காத்திருந்தது. மீன்தலை இல்லாமலேயே கூட நடந்தது. மூன்று சந்து சேரும் இடத்தில் தட்டை வைத்தாள். வழக்கமாய் வீட்டுப் பக்கம் திரும்பும் கால் இன்று குரோசரிப் பக்கம் திரும்பியது. அஸ்கர் அலி பிக்கப்பில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். மாற்றுச் சேலை ஒன்றும் மகளுக்கு வாங்கிய வளையலும் இருந்த பையைக் காலையிலேயே அவர் கடையில் போட்டு வைத்திருந்தாள். ஏறிக் கதவைச் சாத்தும்போது பின்னால் நாய் குரைத்தது. ஒரு கதவு திறந்தது. "சிவா... சிவா..." என்று கூப்பிடும் குரல் சந்து முழுக்க வந்தது.

அஸ்கர் அலி கியரில் கை வைத்துத் தயங்கினார். "அக்கா, மேடம் கூப்புடுறாங்க."

"கேக்குது நானா." சிவகொழுந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் டிக்கெட்டோடு சேர்த்துச் செருகினாள். "திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. வண்டிய எடுங்க."