நாலு ஞாயிறும் கழுதை

திருத்தணிக்கு வாழவந்த மூன்றாம் மாதத்தில்தான் துர்கா முதன்முதலாகச் சீட்டுக்கட்டைத் தொட்டாள். அவள் பிறந்த ஊர் திண்டிவனம். அப்பா வீட்டில் சீட்டு என்றாலே சூதாட்டம். இங்கே ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமனார் தேசப்பன் பாயை விரிப்பார், மாமியார் கௌரியம்மாள் சீட்டைக் கலைப்பாள். கணவன் ராஜீவுக்கு அம்பத்தூரில் ஞாயிறும் வேலை. காலை ரயிலுக்கே போய்விடுவான். அவனுக்குப் பதிலாகத் துர்காவை உட்காரவைத்து, கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மோனிஷா ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆட்டத்தின் பெயர் கழுதை. சீட்டு முழுவதையும் பங்கு போட வேண்டும். ஒருவர் ஓர் இனத்தை இறக்கினால் மற்றவர்களும் அதே இனத்தில் ஒன்றைப் போட வேண்டும். எல்லாரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஆட்டத்தைவிட்டுப் போய்விடும், பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறொன்றைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்தால், பெரிய சீட்டுப் போட்டவர் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். கடைசிவரை சீட்டோடு இருப்பவர் கழுதை. கழுதைதான் சாயங்காலம் எல்லாருக்கும் டீ போட வேண்டும்.

முதல் ஞாயிறு துர்கா கழுதையானாள். புதிது என்று சிரித்துக்கொண்டே டீ போட்டாள். இரண்டாம் ஞாயிறும் அவள்தான். மூன்றாம் ஞாயிறு டீ கொதிக்கும்போது, மருமகளிடம் வேலை வாங்க இப்படி ஒரு வழியா என்று தோன்றியது.

இன்னொன்றையும் கவனித்தாள். அவளிடம் எல்லாரும் தமிழில் பேசுவார்கள், தங்களுக்குள் தெலுங்கு. ஆட்டத்தின் நடுவில் மாமியார் தெலுங்கில் ஏதோ சொல்வாள், உடனே மாமனார் ஒரு சீட்டை இறக்குவார். துர்காவின் காதில் விழுந்தது 'நல்லதி' என்ற ஒரு சொல் மட்டும்தான். அது வந்த கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தாவது வெட்டு விழும், அள்ளுவது அவளாக இருக்கும். ராஜீவிடம் கேட்டபோது, சும்மா எதனா பேசிக்கினு இருப்பாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். அவனுக்கும் இதில் பங்கு உண்டோ என்று அவள் நினைத்தாள்.

நான்காம் ஞாயிறு அவள் யாரையும் நம்பவில்லை. பெரிய சீட்டுகளை, முக்கியமாகக் கிளாவர் ஏஸை, கையைவிட்டு இறக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டாள். போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டாள். அன்றும் அவள்தான் கழுதை.

மறுநாள், தாலுகா ஆபீஸ் எதிரே அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், கூட வேலை செய்யும் பானுப்ரியாவிடம் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினாள். பானுப்ரியா நகரிக்காரி, வீட்டில் தெலுங்குதான்.

"நல்லதின்னா கருப்புக்கா" என்றாள் அவள்.

துர்காவுக்கு முகம் சுண்டியது. அவள் மாநிறத்தைவிடக் கறுப்பு. பெண் பார்க்க வந்த அன்று இதே கௌரியம்மாள் மகனிடம் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது.

பானுப்ரியா போனைக் காதில் வைத்து மறுபடி கேட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "அய்யோ, சீட்ட சொல்றாங்கக்கா. கருப்பு போடு, எல்லார் கைலயும் இருக்கறப்பவே போடு, அந்தப் பொண்ணு பெருச வெச்சிக்கினு இருக்கு, எறக்கித் தப்பிச்சிக்கட்டும்னு உங்க அத்த சொல்றாங்க. உங்க மாமா, நாலு வாட்டி போட்டுட்டேன், அது எறக்கவே மாட்டேங்குதேன்றாரு."

துர்காவுக்குத் தான் கடைசிவரை இறக்காமல் வைத்திருந்த கருப்புக் கிளாவர் ஏஸ் நினைவுக்கு வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். கடைசியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

பானுப்ரியா தயங்கினாள். "இது இன்னும் நம்மள நம்பலன்றாங்க."

அந்த வாரம் முழுக்க மாமியாரின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ரெக்கார்டிங்கை அழித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பானுப்ரியாவுக்குத் தெரியும், இது சின்ன ஊர். ஞாயிறு மதியம் பாய் விரித்ததும் போனைப் பாய்மேல் வைத்து, செய்ததைச் சொன்னாள்.

மோனிஷா எழுந்து நின்றாள். "எங்க வூட்ல பேசினத கடைல போட்டுக் காட்டினீங்களா அண்ணி?" பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேசப்பன் சீட்டுக்கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

கௌரியம்மாள் ரெக்கார்டிங்கைப் போடச் சொல்லி முழுவதும் கேட்டாள். தன் குரல் இவ்வளவு கரகரவென்றா இருக்கிறது என்று கணவரிடம் கேட்டாள். அவர் ஆங் என்றார்.

துர்கா கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள். "என்ன பத்தி தெலுங்குல வேற எதுவும் பேசினதே இல்லிங்களா அத்த?"

"பேசியிருக்கோம். எல்லாம் நல்லதாத்தான் பேசினோம்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள் கௌரியம்மாள். "நீ மாடில நின்னுகினு உங்க அம்மாகிட்ட மெதுவா பேசறியே, அதெல்லாம் எங்கள மெச்சிக்கினா?"

துர்கா மாமனாரிடமிருந்து சீட்டுக்கட்டை வாங்கிக் கலைத்தாள்.

மூன்று பேராக ஆடினார்கள். யாரும் தெலுங்கில் பேசவில்லை. தமிழிலும் அதிகம் பேசவில்லை. துர்கா முதல் சுற்றுகளிலேயே ராஜா, ராணி எல்லாவற்றையும் இறக்கித் தீர்த்தாள். தேசப்பன் தப்பித்தார். அடுத்து அவள். கையில் ஏழு சீட்டோடு மிஞ்சியது கௌரியம்மாள்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து தெலுங்கில் ஏதோ கேட்டாள். கேட்டவள் தானே நிறுத்தி, "இஞ்சி எங்கன்னு கேட்டேன்" என்றாள் தமிழில்.

உண்மையிலேயே இஞ்சியைத்தான் கேட்டாளா என்று துர்கா ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. எழுந்து போய், ஜன்னலோரக் கூடையிலிருந்து இஞ்சியை எடுத்துக் கழுவித் தட்டிக் கொடுத்தாள்.

டீ வந்தபோது மோனிஷா கதவைத் திறந்து தன் டம்ளரை எடுத்துக்கொண்டாள். துர்காவின் பக்கம் திரும்பவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, தேர்வுக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று பானுப்ரியாவிடம்தான் சொன்னாள். பிரிண்ட்டை எடுத்துக் கொடுத்தது துர்கா.