ஆங்கிந்தேர் என்றொரு ஊர்

கரேன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு "ஐ'ம் பீட்" என்று சொன்னதை, வரிசையில் நின்ற சனத்துக்கு நல்லரத்தினம், "மிஸ்ஸுக்கு ஆரோ அடிச்சுப்போட்டாங்களாம்" என்று மொழிபெயர்த்துவிட்டார். களைத்துப்போனேன் என்பதற்கு அப்படியொரு சொல் இருக்கும் என்று அவர் கண்டாரா? இரண்டு பெண்கள் அழத் தொடங்கினார்கள். பொழுதுபடுவதற்குள் வெள்ளைக்காரிக்கு அடி விழுந்த கதை நாவற்குடா வரை போய்விட்டது. அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. ஒரு பொய்க்கதைக்கே ஊர் பெயரக்கூடிய யுத்த காலம்.

நீதிமன்றத்துக்கு வெளியே இருபத்திரண்டு வருடம் ஆங்கிலத்தில் மனு எழுதியவர் நல்லரத்தினம். 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று முடிகிற ஆங்கிலம் அவருடையது. காணாமற்போனவர்களைத் தேடும் கரேனின் வெளிநாட்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த பிறகுதான், வெள்ளைக்காரர் வாயில் புழங்கும் ஆங்கிலம் வேறொரு பாஷை என்று தெரிந்தது. பிழை விட்ட அன்றே ஒரு கொப்பி வாங்கினார். கரேன் சொல்லும் பேச்சு வழக்குகளை எழுதி, எதிரே கருத்தையும் எழுதினார். இராணுவத் தடுப்பு முகாம்களுக்கு உள்ளூர் ஆட்களை விடுவதில்லை. கரேன் தனியாகத்தான் போய்வருவாள். திங்கட்கிழமை அவள் திரும்பி வந்தபோது, "தமிழ் தெரியாமல் அங்கே அடைபட்டிருப்பவர்களோடு என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டார்.

"கையைப் பிடித்து 'ஹாங் இன் தெயார்' என்பேன்."

'ஹாங்' என்றால் தூக்கில் தொங்குவது என்றுதான் அவருக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டு விளக்கினாள். 'விட்டுவிடாதே, தாக்குப்பிடித்துக்கொண்டு இரு' என்று கொப்பியில் எழுதினார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலை, வவுணதீவுக்கும் அப்பால் இருந்து சின்னத்தங்கம் என்பவள் வந்தாள். பாதை பூட்டிக் கிடந்ததால் தோணியில் வாவியைக் கடந்து வந்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் வயலுக்குப் போன அவளுடைய புருஷன் இளையதம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. நல்லரத்தினம் விபரங்களை எழுதி முடித்தும் அவள் எழும்பவில்லை.

"ஐயா, ஆங்கிந்தேர் எண்டு ஒரு ஊர் கிடக்கா?"

"எந்த ஊர் பிள்ளை?"

"ஆங்கிந்தேர். அங்கதான் அவர வெச்சிருக்கிறாங்க போல. திங்கக்கிழமையில இருந்து உச்சி வெயிலுக்கு எங்கிட வயல் வட்டைக்க வந்து நிக்கிறார், முழங்கால் சேத்துக்க. கிட்டப் போனா ஆள் இல்ல. இந்த ஒரு சொல்லத்தான் சொல்லுறார்."

நல்லரத்தினம் அவளை மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்று தடவையும் ஒரே ராகம். 'ஹாங் இன் தெயார்' என்று கரேன் இழுக்கும் அதே இழுவை. கொப்பியைத் திறந்து திங்கட்கிழமை எழுதிய வரியைப் பார்த்தார்.

"நீ இஞ்ச முன்னம் வந்தனியா? இந்த மிஸ்ஸக் கண்டனியா?"

"இண்டைக்குத்தான் ஐயா வாறன். அவருக்கும் இங்கிலீசு தெரியா. நாலாம் வகுப்போட வயலுக்கு வந்தவர்."

இங்கிலீசு என்று நல்லரத்தினம் சொல்லவேயில்லை. மிஸ்ஸைப் பற்றிக் கேட்டதிலேயே அவள் பிடித்துக்கொண்டாள்.

அவர் கரேனிடம் சொன்னார். அவள் பேனையை வைத்துவிட்டு எழும்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: திங்களன்று முகாமில் ஒருவன் பெயர் சொல்லவில்லை. அவனுடைய கையைப் பிடித்து வழக்கம்போல 'ஹாங் இன் தெயார்' என்றபோது கை குளிர்ந்திருந்தது. காயாத பச்சைச் சேறு ஒட்டியிருந்தது. சீமெந்து அறைக்குள் சேறு எங்கே என்று அவள் யோசித்தாளாம். வெளியே வந்து அவனைப் பற்றிக் கேட்டதற்கு அதிகாரி, "உள்ளே பதினொரு பேர்தான். பதினொரு பேரையும் நீங்கள் எழுதிவிட்டீர்கள்" என்றாராம்.

"மம்ஸ் த வேர்ட்" என்றாள் கரேன். அம்மாவின் சொல்லா? அவர் விழித்தார். அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

நல்லரத்தினம் சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பினார். உண்மையின் பாதியையாவது சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அது ஊர் இல்ல பிள்ளை. 'விட்டிராத, பிடிச்சுக்கொண்டு இரு' எண்டு கருத்து."

அவள் யோசித்தாள். "அவர் எனக்குச் சொல்லுறாரா ஐயா? இல்ல, அவருக்கு ஆரும் சொன்னதா?"

நல்லரத்தினம் கொப்பியை மூடினார்.

"சரி, இதுக்கு இங்கிலீசில மறுமொழி என்ன? நான் பேசாம நிண்டா அவர் எப்படி நிம்மதியாப் போவார்?"

நல்லரத்தினம் அதைக் கரேனிடம் கேட்டார். கரேன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு "யூ பெட்" என்றாள். சின்னத்தங்கம் அதை வாய்க்குள் உருட்டி உருட்டிப் பழகினாள். 'ஓம், கட்டாயம்' என்று கருத்துச் சொன்னதும் முதன்முறையாகச் சிரித்தாள்.

அவர் தோணித்துறை வரை கூடப் போனார். தோணி வெளிக்கிட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காற்று இல்லை. வாவி தகரம்போலக் கிடந்தது. பாதி தூரம் போனதும் சின்னத்தங்கம் எழும்பி நின்று, அக்கரைக் கண்டல் பற்றையைப் பார்த்து உரத்துச் சொன்னாள்: "யூ பெட்!"

குரல் தண்ணீரில் ஓடி அடங்கியது. தோணிக்காரன் தோணி தள்ளும் தாங்குகோலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். அவளும் அவனும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தலையைத் திருப்பினார்கள். ஒருவரும் இல்லாத அந்தப் பற்றை ஓரத்துத் தண்ணீரில், யாரோ காலை இழுத்தெடுத்ததுபோல, கலங்கிய சேறு மெதுவாக மேலே வந்து பரவிக்கொண்டிருந்தது.